யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் அந்தியேட்டிக் கல்வெட்டும்

இலங்கையின் வடபகுதியில், குறிப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சைவக் குடும்பங்களிடையே, ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடைபெறும் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி, அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் அவர்மீது பாடப்பட்ட இரங்கற்பாக்களையும் சிறுநூலாக அச்சிட்டு, மதிய போசனத்துக்கு வரும் உற்றார் உறவினருக்கு இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. இச்சிறுநூலை ஊரவர் கல்வெட்டு என்பர். அண்மைக்காலத்தில் நினைவு மலர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இறந்தோரைப் பாடும் சரமகவி என்னும் பழைய செய்யுள் மரபு, 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பெருகியபோது தாளுக்கு வந்து, பின்னர் உரைநடையையும் நிழற்படத்தையும் சேர்த்துக்கொண்டு இன்றைய வடிவத்தை அடைந்தது. பண்டிதருக்கும் பிரபுவுக்கும் உரியதாகத் தொடங்கிய இவ்வடிவம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகையிலையும் வெங்காயமும் செய்த கமக்காரர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அரசாங்க ஆவணமோ செய்தித்தாளோ நூலோ ஒருபோதும் பொருட்படுத்தியிராத ஆயிரக்கணக்கான முதியோருடைய வாழ்வு அச்சேறிய ஒரே இடம் பெரும்பாலும் இதுதான். இத்தகைய கல்வெட்டுகளை முன்வைத்து, இறந்தவரை ஓர் உறவினராக நினைவில் நிறுத்துவதில் இத்தனை நுட்பம் காட்டும் ஒரு வடிவம் அவரை ஒரு கமக்காரராக நினைவில் நிறுத்துவதில் ஏன் தளர்ந்துபோகிறது என்ற கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கல்வெட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அட்டையில் நிழற்படம், அதன் கீழே பிறந்த நாளும் மறைந்த நாளும். உள்ளே திதி வெண்பா. திதி வெண்பா என்பது இறப்பு நிகழ்ந்த தமிழ் ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்னும் பக்கம், அன்றைய திதி ஆகியவற்றை ஒரே வெண்பாவில் அடக்கித் தரும் பாட்டாகும். ஆண்டுதோறும் திவசம் கொடுப்பது ஆங்கில நாளுக்கு அன்றித் திதிக்கே ஆதலால், இவ்வெண்பா அலங்காரமாக எழுந்ததன்று, குடும்பத்துக்கு வேண்டிய கணக்காகவே எழுந்தது. அதன்பின் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்னும் ஐந்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்த பஞ்சபுராணப் பாடல்கள் வரும். வசதியுள்ள வீட்டார் சிவபுராணத்தையும் கந்தசஷ்டி கவசத்தையும் முழுமையாகச் சேர்ப்பர். பிறகு செய்யுளாகவோ உரைநடையாகவோ வாழ்க்கை வரலாறு. அதைத் தொடர்ந்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று உறவுமுறை வரிசையில் பாடப்பட்ட பாக்கள். முடிவில் வம்சாவளி எனப்படும் குடும்ப மரம். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

புலம்பற் பாக்களைக் கேலி செய்வது எளிது. பெரும்பாலானவற்றில் பெயரை மாற்றினால் பாட்டு இன்னொருவருக்கும் பொருந்திவிடும். பாடியவர் ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ பண்டிதராகவோ இருப்பார், மருமகள் பெயரால் அழுத பாட்டை மருமகள் முதன்முதலாக அச்சிலேயே கண்டிருப்பாள். ஆயினும் இப்பாக்களின் பணி தனித்தன்மையைக் காட்டுவது அன்று. துக்கத்தில் பங்குகொள்ளும் உரிமை யார் யாருக்கு உண்டு என்பதை ஒழுங்குபடுத்தி, ஒவ்வோர் உறவுக்கும் ஓர் இடம் வகுத்துக் கொடுப்பதே அவற்றின் பணியாகும்; ஒப்பாரியில் வாய்மொழியாக நடந்த அதே வேலையை அவை தாளில் செய்கின்றன. அவ்விடம் மறுக்கப்பட்டதாகக் கருதி, அதாவது வம்சாவளியில் தன் பெயரோ தன் பிள்ளையின் பெயரோ விடுபட்டதைக் காரணமாக வைத்து, ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதிருந்த குடும்பங்களை யாழ்ப்பாணத்தார் அறிவர்.

இந்தக் கோபமே கல்வெட்டின் முதல் வலிமைக்குச் சான்று. உறவுச் செய்தியைப் பொறுத்தவரை இது கண்டிப்பான மேற்பார்வைக்கு உட்பட்ட ஆவணம். இறந்தவரை நேரில் அறிந்த அத்தனை பேருடைய கைக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதால், இன்னார் இன்னாருடைய இரண்டாவது மகள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்பதில் பிழை நேர்ந்தால் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். செய்தித்தாள் மரண அறிவித்தலில் ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, அன்பு மகன், பாசமிகு தந்தை, மாமனார், பேரன், பூட்டன் என்று நீளும் ஒற்றை வாக்கியத்தையே கல்வெட்டு நான்கு தலைமுறைப் படமாக விரித்துத் தருகிறது எனலாம். மற்ற ஆவணங்களின் நிலையோ வேறு. வடபகுதியில் 1981ஆம் ஆண்டுக்குப்பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012ஆம் ஆண்டிலேயே நடந்தது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் பெரும்பாலோர் ஒரே இரவில் கைக்குக் கிடைத்ததோடு வெளியேற, வீட்டுப் பெட்டகங்களில் இருந்த காணி உறுதிகளும் சாதக ஓலைகளும் பலருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இவ்வாறு ஆவணம் அழிந்துகொண்டேயிருந்த ஒரு சமூகத்தில், ஒரே செய்தியை நூற்றுக்கணக்கான பிரதிகளாக நூற்றுக்கணக்கான வீடுகளில் சிதறிவைத்த கல்வெட்டு, எவரும் திட்டமிடாமலே ஒரு பாதுகாப்பு முறையாயிற்று. ஊரில் அழிந்த பிரதி கனடாவிலோ இலண்டனிலோ ஒரு சுவாமியறை இழுப்பறையில் கிடைக்கும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் நினைவு மலர்களைத் தனிப்பிரிவாகவே சேகரித்து வருவது இவற்றின் ஆவண மதிப்பை உணர்ந்ததன் விளைவு.

வலிமை இவ்வளவாக இருக்க, வாழ்க்கை வரலாறு என்னும் பகுதியே பெரும்பாலும் நூலின் மெலிந்த பகுதியாகக் கிடக்கிறது. ஒரு கமக்காரருடைய கல்வெட்டில் அப்பகுதி வழக்கமாக இவ்வாறு செல்லும்: செந்நெல்லும் பனையும் செறிந்த யாழ்ப்பாணத்தில், இன்ன கோயில் அருள்சுரக்கும் இன்ன ஊரில், பெருங்குடியில் தோன்றினார், உள்ளூர்ச் சைவப் பாடசாலையில் ஆரம்பக் கல்வி பெற்றார், தந்தையின் வழியில் கமத்தொழிலை மேற்கொண்டு நிலபுலன்களுடன் சிறப்புற வாழ்ந்தார், இன்னாரைக் கரம்பிடித்தார். இதற்குமேல் வரலாறு பிள்ளைகளுக்குத் தாவிவிடும்: மூத்தவர் பொறியியலாளர், அடுத்தவர் ஆசிரியை, இளையவர் சுவிற்சர்லாந்தில். எண்பது ஆண்டு வாழ்வில் அறுபது ஆண்டு உழைப்பு “கமத்தொழிலை மேற்கொண்டு” என்ற எச்சத்தொடருக்குள் அடங்கிவிடுகிறது.

இதை எழுதியவரின் சோம்பல் என்று கொள்வது பொருந்தாது. கல்வெட்டின் வாழ்க்கை வரலாறு என்னும் அச்சு, உத்தியோகத்தரின் வாழ்வை அளவெடுத்துச் செய்யப்பட்டது என்பதே உண்மைக் காரணம். ஆங்கில ஆட்சிக்காலத்தில் எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் போன யாழ்ப்பாணத்தாருடைய வாழ்வில் படிகள் இருந்தன. பரீட்சையில் சித்தி, முதல் நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு, ஓய்வூதியம் என ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு, கடிதம் உண்டு. அவ்வாழ்வை எழுத உட்காருபவருக்கு வாக்கியங்கள் தாமே வந்து அமையும். கமக்காரருக்கு நியமனக் கடிதம் வந்ததில்லை. அவரை எவரும் இடம் மாற்றவில்லை. ஓய்வுபெற்ற நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, ஏனெனில் கிணற்றுத் துலா மிதிக்க முடியாத வயதில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார், அதுவும் முடியாதபோது திண்ணையில் இருந்து விதை வெங்காயம் தெரிந்தெடுத்தார். முன்னேறிச் செல்வதாக அன்றிப் போகத்துக்குப் போகம் திரும்பிவருவதாக அமைந்த ஒரு வாழ்வுக்கு அந்த அச்சில் இடமில்லை. அதனால்தான் ஊர்ச் சங்கத்தில் ஓராண்டு பொருளாளராக இருந்த செய்தி அரைப்பக்கம் பெற, ஐம்பது போகம் புகையிலை வைத்த செய்தி ஒரு வரியும் பெறாமல் போகிறது.

அந்த எச்சத்தொடருக்குள் அடங்கிப்போனது என்ன என்பதைச் சிறிது அருகில் வைத்துப் பார்ப்பது தகும். வலிகாமத்துச் செம்மண்ணில் வற்றாத ஆறு இல்லை, குளமும் சிறிது. பயிர் முழுவதும் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டிய கிணற்றை நம்பியது. நீரிறைக்கும் இயந்திரம் பரவுமுன் துலா இறைப்பே முறையாக இருந்தது. உயர்ந்த ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தின்மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்துத் தொட்டியில் கவிழ்க்க, மற்றொருவர் தோட்டத்தில் நின்று பாத்தி பாத்தியாக வாய்க்காலை மண்வெட்டியால் திறந்தும் அடைத்தும் தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய இவ்வேலையைத் தனியொருவர் செய்ய முடியாது; ஆகவே அயல் தோட்டக்காரர் ஒருவருக்கொருவர் ஆள் மாறி உதவினர். கிணறும் பெரும்பாலும் தனியொருவருடையது அன்று. காணி உறுதிகளில் பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் என்று எழுதப்படும் உரிமை, நடைமுறையில் எந்த நாள் எவருக்கு இறைப்பு என்ற முறையாக இயங்கியது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அம்முறையைச் சச்சரவின்றி நடத்துவதற்குச் சொல்லில் நிதானமும் கணக்கில் நேர்மையும் உள்ள ஒரு மூத்தவர் வேண்டியிருந்தார். ஒரு கிணற்றடியைச் சண்டையின்றி முப்பது ஆண்டு நடத்திய மனிதர் செய்தது ஒரு நீதிவானின் வேலைக்குக் குறைந்ததன்று; ஆனால் சமாதான நீதிவான் பட்டம் பெற்றவரையே கல்வெட்டு அவ்வாறு அழைக்கும்.

காலக்குறியும் இவ்வாறே நழுவிவிடுகிறது. உத்தியோகத்தருக்கு இடமாற்றம் போல, கமக்காரருக்கும் தம் வாழ்வைப் பகுத்துச் சொல்லத் தமக்கே உரிய ஆண்டுகள் இருந்தன. திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை போன காலம், 1964 டிசம்பர்ப் புயல், இயந்திரம் வாங்கிய ஆண்டு, 1970 முதல் 1977 வரை மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டதால் விலை ஏறிக் கல்வீடு கட்டிய காலம், 1977க்குப்பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டு அதே பயிர் விலை விழுந்த காலம், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் இன்றி இயந்திரம் நின்ற 1990கள் என்று அவை செல்லும். நாட்டின் பொருளாதார வரலாறு ஒரு தோட்டத்து வேலியோரமாக எவ்வாறு நடந்துபோயிற்று என்பதை இவ்வாண்டுகள் சொல்லும். கல்வெட்டை எழுதியவர் இவற்றை அறியாதவர் அல்லர். ஆனால் சாவை ஒட்டி எழுதும் நூலில் வெங்காய விலையைப் பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கும்.

பெண்களைப் பற்றிய கல்வெட்டுகளில் இக்குறை இரட்டிப்பாகிறது. கமக்காரன் என்ற சொல்லாவது கணவனுக்குக் கிடைக்கிறது. மனைவி அன்னபூரணியாகவும் விருந்தோம்பும் இல்லத்தரசியாகவும் பிள்ளைகளைக் கற்பித்த தாயாகவும் மட்டுமே பாடப்படுகிறாள். வெங்காயச் செய்கையில் நடுகை, களை பிடுங்கல், கிண்டியதைப் பிடியாகக் கட்டல் ஆகியன பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தவை. அறுவடையில் எவ்வளவை விற்பது, எவ்வளவை அடுத்த போகத்து விதைக்காகக் கொட்டிலில் கட்டித் தொங்கவிடுவது என்ற முடிவு, வீட்டின் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கும் முடிவு, அவளும் சேர்ந்து எடுத்தது. யாழ்ப்பாணத்தின் வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டு தொகுத்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுத்தது. முதுசம் என்பது பரம்பரையாக வந்தது. சீதனம் என்பது பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்பட்டது. தேடியதேட்டம் என்பது மணவாழ்க்கையில் ஈட்டியது. பல கமக்காரர் வாழ்நாள் முழுதும் கொத்திய தோட்டம் மனைவியின் சீதனக் காணியாகவே இருந்தது. கல்வெட்டோ, மனைவி கொண்டுவந்த மண்ணில் கணவன் செய்த கமத்தைக் கணவனுடைய பெயரில் ஒரு தொடராகவும், அம்மண்ணுக்கு உரியவளை அன்னபூரணியாகவும் எழுதி முடிக்கிறது. மணவாழ்வின் பொருளியலைச் சட்டம் கண்ட அளவுகூட இரங்கற்பா காணவில்லை என்பது கசப்பான உண்மை.

இதனினும் கடுமையான மௌனம் ஒன்றுண்டு. குலச்சிறப்பு என்ற பகுதியில் வரும் பெருங்குடி, உயர்குடி, சைவ வேளாண் மரபு போன்ற தொடர்கள் எந்தச் சாதியைக் குறிக்கின்றன என்பதை வாசிப்பவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலவுடைமை பெரும்பாலும் வேளாளரிடம் இருந்த குடாநாட்டில், அந்த நிலத்தில் துலா மிதித்தவரும் எரு சுமந்தவரும் குழை தாழ்த்தவரும் பலவிடத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கூலியாட்களாகவும் குத்தகைக்காரராகவும் இருந்தனர். ஒரே கிணற்றில் இறைத்தும் அதே கிணற்றில் அள்ளிக் குடிக்க உரிமையற்றிருந்த அவர்கள் நிலக்காரருடைய கல்வெட்டில் பெயரின்றி இருக்கின்றனர். மிஞ்சினால், நன்றி நவிலலில் “தோட்டத் தொழிலாளர்கள்” என்று ஒரு சொல்லாக வருவர். தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நுழைவுக்கும் போராட வேண்டியிருந்த தலைமுறையைச் சேர்ந்த இம்முதியோருக்கு, அச்சுச் செலவைத் தாங்கக்கூடிய பிள்ளைகள் தலையெடுத்த பின்னரே கல்வெட்டு வரலாயிற்று. வந்தபோதும், போராட்டத்தைச் சொல்வதா, நிலக்காரர் கல்வெட்டின் அதே அலங்காரத்தைத் தாமும் எடுத்துக்கொள்வதா என்ற இக்கட்டு அதை எழுதியவர்களுக்கு இருந்தது. அலங்காரத்தை எடுத்துக்கொண்டவர்களைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. பெருங்குடி என்ற சொல்லை அதுவரை மறுக்கப்பட்டவர் எடுத்துத் தம் தந்தையின் பெயருக்கு முன் வைப்பதும் ஒருவகைப் பிரவேசமே. ஆனால் அதற்கு விலையாகப் போனது, அந்தத் தந்தை உண்மையில் எதைக் கடந்து வந்தார் என்ற செய்தி.

இவ்விடத்தில் கல்வெட்டின் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படலாம். அது வரலாற்று நூல் அன்று, துக்கத்தின் நூல். முப்பது நாளுக்குள், கிரியைச் செலவுக்கும் விருந்தினருக்கும் இடையில், அழுத கண்ணோடு தயாரிக்கப்படுவது. இறந்தவரின் கடனையும் எல்லை வழக்கையும் குடியையும் அதில் எழுதவேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதத்தன்மை அன்று. இந்நியாயம் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. குறையை மறைத்ததற்காகக் கல்வெட்டைக் கண்டிப்பது அதன் இலக்கணத்தை அறியாமையாகும். ஆனால் மேலே சொன்னவை குறைகள் அல்லவே: கிணற்றுமுறையை நடத்திய நிதானம், விதை தெரிந்த கண், புயலுக்குப்பின் மறுபடி நட்ட துணிவு ஆகிய அனைத்தும் புகழத்தக்கவை. கல்வெட்டின் சிக்கல் மிகையாகப் புகழ்வது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது போதிய அளவு புகழவில்லை. கொடை, பக்தி, விருந்தோம்பல் என்று எல்லோருக்கும் பொதுவானவற்றைப் புகழ்ந்துவிட்டு, அவருக்கே உரியதைப் புகழாமல் விடுகிறது.

முப்பது நாள் என்ற வரையறையும் ஆள் போன பின்பே கேள்வி எழுகிறது என்ற நிலையும் சேர்ந்து இன்னொரு விளைவைத் தருகின்றன. எழுதத் தெரிந்த பிள்ளைகள் தோட்டத்தைவிட்டு எப்போதோ போனவர்கள். தந்தை கமக்காரராய் இருந்தது அவர்கள் படித்துத் தோட்டத்தைவிட்டு நீங்கவேண்டும் என்பதற்காகவே என்று அவரே சொல்லி வளர்த்தவர்கள். எந்தக் காணிக்கு என்ன பெயர், எந்த வரம்பில் எந்த மண் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றிய வயதில் சொல்ல ஆள் இல்லை. 1983க்குப்பின் வெளிநாடு சென்றோர் விடயத்தில் இத்தூரம் கடலளவாயிற்று. இன்றைய கல்வெட்டுகள் வழவழப்பான தாளில் வண்ணப்படங்களுடன் வருகின்றன. ஆனால் படங்களில் பெரும்பாலானவை பிறந்தநாள் விழாவிலும் பேரப்பிள்ளையின் பட்டமளிப்பிலும் எடுத்தவை. அறுபது ஆண்டு நின்ற தோட்டத்தில் அவர் நிற்கும் படம் ஒன்றைக் காண்பது அரிது.

உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதும் மாற்றுமுறை உலகில் இல்லாதது அன்று. இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்துப் பிளாக்ஸ்ஹால் என்னும் சிற்றூரில் 1948ஆம் ஆண்டு குடியேறிய ஜோர்ஜ் ஈவாட் எவன்ஸ், தம் அயலில் இருந்த முதிய பண்ணையாட்களிடம் கருவி, அறுவடை, ஆட்டுமந்தை, ரொட்டி சுடுதல் என்று வேலையைப் பற்றியே கேட்டு எழுதி 1956ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் வாய்மொழி வரலாறு என்னும் துறைக்கு அந்நாட்டில் ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. வாய்மொழி வரலாறு என்பது நிகழ்ச்சியில் பங்குகொண்டவரின் நினைவைப் பேட்டியாகப் பதிந்து அதையே சான்றாகக் கொள்ளும் முறையாகும். கல்வெட்டு விட்ட இடத்தை அது சரியாகப் பிடிக்கிறது. ஆயினும் அதற்கும் தனக்குரிய ஊனங்கள் உண்டு. அதே வட்டாரத்தைப் பற்றி ரொனால்ட் பிளைத் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஏக்கன்பீல்ட் புனைபெயரிட்ட ஓர் ஊரைச் சித்திரித்தது. பேச்சு எந்த அளவு பேசியவருடையது, எந்த அளவு எழுதியவருடையது என்ற ஐயம் அந்நூலைத் தொடர்ந்தே வந்தது. ஒருவர் கேட்டு ஒருவர் எழுதும் முறையில் இவ்வையம் நீங்காது. மேலும், போரைக் கடந்து வந்த ஓர் ஊரில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் முதியவர் எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்று எண்ணத் தொடங்குவது இயல்பே. கல்வெட்டின் உறவுச் செய்தியைச் சரிபார்க்க ஊரே இருந்தது. தனியறையில் பதிந்த பேச்சைச் சரிபார்க்க எவரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இடைவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, எவரும் அதை ஆவணம் என்று கருதாவிட்டாலும். இறந்த நாள் தொடங்கி அந்தியேட்டிவரை துக்கவீட்டுக்கு ஊரவர் வந்து இருப்பர். அந்நாட்களில் முற்றத்துப் பந்தலின்கீழ் தேநீரோடு நடக்கும் பேச்சில், இறந்தவரோடு ஒரே கிணற்றில் இறைத்த கிழவர் ஒருவர் எந்தக் கோடையில் எவ்வளவு ஆழம் கிணறு வெட்டினார்கள், பாறையில் வெடி வைத்தது யார், எவருடைய புகையிலைக்கு எவர் பிணை நின்றார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அருகில் உள்ளவர் மறுப்பார், திருத்துவார். ஊர் கேட்டிருக்க, ஊர் திருத்த, வேலையைப் பற்றிய பேச்சு அங்கே நடக்கிறது. அதே வேளையில் கல்வெட்டுக்காரர் உள்ளே இருந்து திதி வெண்பாவுக்குத் தளை தட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்விரு வேலைகளும் ஒரே கூரையின்கீழ் நடந்தும் ஒன்றையொன்று தொடாமல் போவதே இம்மரபின் பெருங்குறை. அதை நீக்கப் புதிய நிறுவனமோ நிதியோ வேண்டியதில்லை. பந்தலுக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு புலம்பற் பாக்களின் இடத்தை விட்டுக்கொடுக்க மனமுள்ள ஓர் எழுத்தாளர் போதும்.

இவ்வாறான செய்தி வெறும் பண்பாட்டு ஆர்வத்துக்கு உரியதன்று என்பதை வலிகாமம் வடக்கின் அண்மைக்கால அனுபவம் காட்டுகிறது. 1990ஆம் ஆண்டு முதல் உயர் பாதுகாப்பு வலயமாகி மக்கள் நுழையமுடியாதிருந்த காணிகள் போர் முடிந்தபின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்றவர்கள் பலவிடத்தில் வேலியையும் வரம்பையும் கிணற்றையும் காணவில்லை. கலட்டி, புலம், தாழ்வு, சீமா என்று முடியும் காணிப்பெயர்களும், பரப்புக் கணக்கும் உறுதியில் இருந்தன. நான்கு எல்லைகளும் இருந்தன. ஆனால் உறுதியில் எல்லை என்பது கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடைய காணி என்று அயலவர் பெயராகவே எழுதப்படுவது. அந்த அயலவரும் இறந்து, பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறியிருந்தனர். அப்பெயருக்கு உரியவர் யார், அவருடைய உரித்தாளர் எவர் என்பதை அறியக் கல்வெட்டின் வம்சாவளியைப் போல உதவக்கூடிய வேறு அச்சு ஆவணம் இல்லை. அந்த அளவில் அந்தியேட்டி நாளில் சோற்றுப் பந்தியோடு கொடுக்கப்பட்ட அச்சிறுநூல், தான் எண்ணியிராத ஒரு வேலையைச் செய்யவல்லது. பங்குக் கிணறு எந்த இடத்தில் இருந்தது, வாய்க்கால் எவர் காணியை ஊடறுத்துப் போனது, வெள்ளிக்கிழமை இறைப்பு எவருக்கு உரியது என்ற கேள்விகளுக்கு மட்டும் உறுதியிலும் விடையில்லை, கல்வெட்டிலும் விடையில்லை. எண்பதைக் கடந்த ஒருவரைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து காணியில் இறக்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.